பூனைக்குட்டி கையைக் கடிக்கிறதா? வேட்டையை வேறு பக்கம் திருப்பும் வழி

ஒன்றரை மாதக் குட்டி விரலைக் கவ்வினால் கூசும்; வீடே கூடிச் சிரிக்கும். ஐந்து மாதத்தில் அதே குட்டி அதே விரலைக் கவ்வும்போது ரத்தம் வரும், "பூனைக்குத் திமிர் ஏறிடுச்சு" என்பார்கள். குட்டியின் குணம் மாறவில்லை. பல்லும் தாடையும்தான் வளர்ந்திருக்கின்றன. கை கடிப்பதற்கில்லை என்று இடைப்பட்ட மாதங்களில் யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கடி என்றுதான் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நம் வீடுகளுக்கு அதிகம் வருவது ஒரே வகைக் குட்டிதான். பரணிலோ, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலோ, கார் ஷெட்டிலோ பிறந்து, ஐந்தாறு வாரத்திலேயே தாயைப் பிரிந்து, ஒற்றையாக வந்து சேரும் நாட்டுப் பூனைக்குட்டி. அதை மனதில் வைத்தே இந்தக் குறிப்புகள்: ஆறு வாரத்தில் தொடங்கி ஆறேழு மாதம் வரை. காசு கொடுத்து வாங்கிய பெர்ஷியன் குட்டிக்கும் வழி இதேதான்.

எதற்குக் கடிக்கிறது

நாலாவது வாரத்தில் குட்டிகளுக்குள் சண்டை விளையாட்டு தொடங்கும். ஒன்றின் மேல் ஒன்று பாயும், கழுத்தைக் கவ்வும், பின்னங்காலால் வயிற்றில் உதைக்கும். ஒரு குட்டி அளவுக்கு மீறிக் கடித்தால் மற்றது கீச்சென்று கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய்விடும், அல்லது திருப்பிக் கடிக்கும். தாயின் வாலைக் கடித்தால் தாய் முன்னங்காலால் அமுக்கி வைக்கும், இல்லையென்றால் எழுந்து போய்விடும். எவ்வளவு அழுத்தினால் விளையாட்டு தொடரும், எவ்வளவு அழுத்தினால் நின்றுபோகும் என்ற கணக்கை இப்படித்தான் குட்டி கற்றுக்கொள்கிறது. இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரை மூளை இதையெல்லாம் சட்டென்று பிடித்துக்கொள்ளும் காலம். அந்தச் சண்டை விளையாட்டு மூன்று மாதம் வரை மும்முரமாக நடக்கும்.

ஐந்தாவது வாரத்தில் தூக்கி வந்த குட்டிக்கு ஊசிப் பல் முளைத்திருக்கும், பாயத் தெரிந்திருக்கும். அளவு மட்டும் தெரியாது. அதனால்தான் குட்டியை எட்டு வாரமாவது தாயோடு விடுங்கள் என்கிறோம். பன்னிரண்டு வாரம் விட முடிந்தால் இன்னும் நல்லது. தாய் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போன குட்டியென்றால் இந்தப் பேச்சுக்கு இடமில்லை, அந்தப் பாடத்தை நீங்கள்தான் நடத்த வேண்டும்.

ஏழெட்டு வாரத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கண்ணும் காலும் ஒன்றாக வேலை செய்யத் தொடங்கி, அசைகிற எல்லாமே இரையாகத் தெரியும். பூனைக்குப் பசி வேறு, வேட்டை வேறு. வயிறு நிறையத் தின்ற குட்டியும் போர்வைக்கு அடியில் அசையும் கால் கட்டைவிரலைப் பார்த்தால் பதுங்கும். இந்த உந்துதலை யாராலும் நிறுத்த முடியாது. அது எதன் மேல் பாய்கிறது என்பதை மட்டும்தான் மாற்றலாம்.

எல்லாக் கடியும் விளையாட்டுக் கடி அல்ல. விளையாட்டுக் கடி பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும். குட்டி பக்கவாட்டில் துள்ளும், வாய் பாதி திறந்திருக்கும், கண்மணி விரிந்திருக்கும். பாய்வதற்கு முன் பின்புறத்தை ஆட்டும். பயந்து கடிப்பது இப்படி இருக்காது. காது தலையோடு ஒட்டிப் படுத்திருக்கும், முடி சிலிர்த்திருக்கும், சீறும், மூலையில் ஒடுங்கும். அந்தக் குட்டியோடு விளையாடப் போகாதீர்கள். ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டு விலகி உட்காருங்கள். தடவிக்கொண்டிருக்கும்போதே திரும்பிக் கடிப்பது மூன்றாவது வகை. தொட்டால் ஒரே இடத்தில் மட்டும் கடிப்பது நாலாவது, அது வலி. இந்த இரண்டையும் பின்னால் பார்ப்போம்.

முதலில் தட்டைப் பாருங்கள்

கடிக்கிற குட்டி என்று வரும் புகார்களில் ஒரு பங்கு உண்மையில் பசிதான். பாலும் தயிர்சாதமும் மட்டும் சாப்பிடும் குட்டி நாள் முழுக்கக் காலைச் சுற்றும், கணுக்காலைக் கவ்வும். மாட்டுப்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காமல் வயிற்றுப்போக்கில் முடியும். சாதத்தில் பூனைக்கு வேண்டிய புரதம் போதாது. டாரின் என்ற சத்து விலங்குணவில்தான் இருக்கிறது; அது மாதக்கணக்கில் கிடைக்காவிட்டால் பூனையின் கண்ணும் இதயமும் கெடும்.

மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை கொடுங்கள். குட்டிகளுக்கென்று விற்கும் உணவுதான் அடிப்படையாக இருக்க வேண்டும். பையின் பின்பக்கம் எடைவாரியாக அளவு போட்டிருப்பார்கள். சமையலறைத் தராசில் குட்டியை ஒரு டப்பாவில் உட்காரவைத்து எடை பார்த்து, அந்த நாள் அளவை வேளைகளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். மேலே சேர்ப்பதற்கு வேகவைத்து எலும்பும் முள்ளும் எடுத்த கோழி, மீன், அவித்த முட்டை எல்லாம் சரி. குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிப் போட்ட துண்டு வேண்டாம்; வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை.

வெறும் கோழிக்கறியிலேயே வளர்க்கும் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. தசைக்கறியில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. சில மாதங்களில் குட்டியின் எலும்பு மெலிந்துபோகும், தூக்கினாலே வலிக்கும், தூக்குகிற கையைக் கடிக்கும். அங்கே எவ்வளவு பழக்கினாலும் பிரயோஜனம் இல்லை, தட்டைத்தான் மாற்ற வேண்டும்.

வயிறு உப்பி, முதுகெலும்பு தட்டுப்பட்டால் பெரும்பாலும் வயிற்றுப்பூச்சி. முதுகின் கடைசியில், வாலுக்கு அருகே, முடியை விலக்கினால் மிளகைப் பொடித்தது போலக் கறுப்புத் துகள் தெரிந்தால் தெள்ளுப்பூச்சி. ஈர வெள்ளைத் துணியில் அதைத் தட்டுங்கள். சிவப்பாகக் கரைந்தால் சந்தேகமே இல்லை. அரிப்பில் இருக்கும் குட்டியைத் தொட்டால் கடிக்கத்தான் செய்யும். நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து இருந்தால் குட்டி வலிப்பு வந்து சாகக்கூடும்.

பல் பதிந்த அந்த நொடியில்

கை சும்மா இருந்தால் இரை செத்துவிட்டது. கை இழுத்தால் இரை ஓடுகிறது. முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது.

1. கையை இழுக்காதீர்கள். கோரைப்பல் உள்நோக்கி வளைந்தது. இழுத்தால் புள்ளியாக முடிய வேண்டிய காயம் கோடாகக் கிழியும். கையை அப்படியே தளரவிடுங்கள்.

2. பிடி விடவில்லை என்றால் கையை மெதுவாக, ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு, அதன் வாய்ப் பக்கமே நகர்த்துங்கள். எந்த இரையும் வாய்க்குள் வராது. குட்டி குழம்பி வாயைத் திறக்கும். தொண்டையில் திணிக்கச் சொல்லவில்லை; நகர்த்தினால் போதும்.

3. வாய் திறந்ததும் கையை எடுத்து மார்போடு கட்டிக்கொண்டு எழுந்து திரும்பி நில்லுங்கள். பேச்சு இல்லை, பார்வை இல்லை. முப்பது நொடியிலிருந்து ஒரு நிமிடம். காலைத் துரத்திக் கடிக்கிற குட்டியென்றால் நீங்கள் அறையை விட்டு வெளியே போய் ஒரு நிமிடம் கதவைச் சாத்துங்கள். குட்டியைத் தூக்கிக் கழிவறையில் அடைக்க வேண்டாம். தூக்குவதற்கு நீளும் கையும் விளையாட்டாகிவிடும், அடைத்தால் பயமும் சேரும்.

4. திரும்பி வந்து, அது அமைதியாக இருந்தால், கையை விட்டுத் தள்ளியிருக்கும் ஒரு பொம்மையோடு விளையாட்டைத் தொடருங்கள்.

நாலாவதில் பலர் சறுக்குகிறார்கள். கடித்துக்கொண்டிருக்கும்போதே பொம்மையை நீட்டினால் "கடித்தால் பொம்மை வரும்" என்று குட்டி கணக்குப் போட்டுக்கொள்ளும். நடுவில் அந்த ஒரு நிமிட வெறுமை வேண்டும். அதைவிட நல்லது கடிக்கு முன்பே முந்திக்கொள்வது: பின்புறத்தை ஆட்டிப் பதுங்குவதைப் பார்த்தவுடன், உங்கள் காலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு காகித உருண்டையை உருட்டிவிடுங்கள். பாய்ச்சல் அங்கே போகும்.

"ஆ" என்று கத்தச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். கூடப்பிறந்த குட்டியின் கீச்சொலியைப் போலச் சின்னதாக ஒரு "ஆ" போட்டால் சில குட்டிகள் நிறுத்தும். சில குட்டிகளுக்கு அந்தச் சத்தமே வெறியேற்றும். இரண்டு மூன்று முறை பாருங்கள், கடி கூடினால் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

அடிப்பது, மூக்கில் சுண்டுவது, தண்ணீர் அடிப்பது, பிடரியைப் பிடித்துத் தூக்கி ஆட்டுவது, திருப்பிக் கடித்துக் காட்டுவது எல்லாம் வேலைக்கு ஆகாதவை. விளையாட்டுக் கடியில் இருக்கும் குட்டி அடியைச் சண்டையின் பங்காக எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக வரும். இல்லையென்றால் கையைக் கண்டாலே ஒடுங்கத் தொடங்கி, பயந்து கடிக்கும் குட்டியாகிவிடும். விளையாட்டில் கடித்த குட்டியைப் பழக்கிவிடலாம். பயத்தில் கடிக்கத் தொடங்கியதை மீட்பது அதைவிடப் பல மடங்கு கஷ்டம். தண்ணீர் அடிப்பதில் இன்னொரு குறை: நீங்கள் அறையில் இல்லாதபோது கடிக்கலாம், யாரை வேண்டுமானாலும் கடிக்கலாம் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும்.

வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். ஐந்து பேரில் நாலு பேர் திரும்பி நின்று, சோபாவில் உட்கார்ந்திருக்கும் மாமா மட்டும் தினமும் கையால் மல்லுக்கட்டினால் பாடம் ஏறாது. எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் பழக்கத்தை இறுக்கிப் பிடித்து வைக்கும். மாமாவின் கையில் ஒரு குச்சிப் பொம்மையைக் கொடுத்துவிடுங்கள், சண்டை மிச்சம். இதைத் தொடங்கிய முதல் சில நாள் கடி கூடும் என்பதையும் முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். இதுவரை பலித்தது பலிக்காமல் போகும்போது குட்டி இன்னும் அழுத்திப் பார்க்கும். அங்கே கைவிட்டுவிட்டு "எங்க குட்டிக்கு இது சரிவரல" என்பவர்கள் நிறைய. விடாமல் செய்தால் இரண்டு மூன்று வாரத்தில் பல்லின் அழுத்தம் முதலில் குறையும், எண்ணிக்கை அதற்குப் பிறகு குறையும்.

வேட்டை விளையாட்டு

ஒரு நிமிடம் திரும்பி நிற்பது கடியை நிறுத்தும். வேட்டை உந்துதலுக்கு வடிகால் கொடுப்பது இந்த விளையாட்டுதான், இதைச் செய்யாமல் அதை மட்டும் செய்தால் பாதி வேலை.

குச்சிப் பொம்மை கடையில் வாங்கலாம், வீட்டிலும் செய்யலாம். மூன்று அடி நீளக் குச்சி, அதன் நுனியில் இரண்டரை அடி பருத்திக் கயிறு, கயிற்றின் முனையில் விரல் நீளத்துக்கு மடித்துக் கட்டிய துணி. கயிறு நூலைவிடத் தடிமனாக இருக்கட்டும். தென்னை ஈர்க்கை அப்படியே பயன்படுத்தாதீர்கள். அதன் நுனி கண்ணில் குத்தும். எடுத்தால் ஏழெட்டு ஈர்க்கைச் சேர்த்துக் கட்டி, நுனியைத் துணி சுற்றித் தைத்துவிடுங்கள். குச்சி நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இரைக்கும் கைக்கும் இடையே தூரம் வேண்டும்.

ஆட்டும் விதம்தான் முக்கியம். பொம்மையைக் குட்டியின் முகத்துக்கு நேராக ஆட்டுபவர்கள்தான் அதிகம். பல்லியோ எலியோ பூனையின் முகத்துக்கு வந்து ஆடாது. தரையோடு ஒட்டி, குட்டியை விட்டு விலகும் திசையில் இழுங்கள். நாற்காலிக் காலுக்குப் பின்னால் மறையுங்கள், பாயின் ஓரத்துக்கு அடியில் நுழையுங்கள், நிறுத்துங்கள். நிறுத்திய அந்த இரண்டு மூன்று நொடியில் குட்டி பதுங்கி, கணக்குப் போட்டு, பின்புறத்தை ஆட்டும். அந்த நேரத்தில் லேசாக ஒரு துடிப்பு. பாயும். மூன்று பாய்ச்சலுக்கு ஒன்றாவது பிடிபட வேண்டும். பிடித்ததைக் கவ்வி, கட்டிப் பிடித்து, பின்னங்காலால் உதைக்க விடுங்கள். பிடிக்கவே முடியாத இரை குட்டியைச் சலிப்படையவைக்கும், மிச்ச வேகம் உங்கள் காலில் தீரும். லேசர் விளக்கை நாங்கள் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம். சிவப்புப் புள்ளியைப் பிடித்தேன் என்று எந்தக் குட்டியும் படுத்துக்கொண்டதில்லை.

மூன்று மாதத்துக்குக் கீழே ஒரு முறைக்கு ஐந்து முதல் எட்டு நிமிடம், ஒரு நாளைக்கு நாலு முறை. அதற்கு மேல் பத்துப் பதினைந்து நிமிடம், மூன்று முறை. விடிகாலையும் அந்தி நேரமும் பூனைக்கு ரத்தம் சூடாகும் நேரம். உங்கள் அட்டவணையை அதற்கு ஏற்றபடி வையுங்கள். கடைசி முறை நீங்கள் தூங்கப் போவதற்குச் சற்று முன். திடீரென்று நிறுத்தாமல் கடைசி இரண்டு நிமிடம் இரையைச் சோர்ந்துபோனது போல மெல்ல இழுத்து, பிடிக்கவிட்டு, உடனே சாப்பாட்டை வையுங்கள். வேட்டையாடி, தின்று, நக்கிச் சுத்தம் செய்து, தூங்குவது பூனையின் இயல்பான வரிசை.

வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் விளையாட்டை நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் மதிய நேரத்தில் விளையாட்டே வேண்டாம்.

கையைக் கட்டிப்பிடித்து உதைக்கும் குட்டிக்குத் தனியாக ஒரு பொம்மை வேண்டும். பழைய சாக்ஸில் கந்தல் துணியை இறுக்கி அடைத்து, ஓரத்தைத் தைத்தால் 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளத்தில் ஒன்று கிடைக்கும். பொத்தான், குஞ்சம், ரப்பர் எதுவும் கூடாது. குட்டி சூடேறி உருளத் தொடங்கும்போது கையைக் கொடுக்காமல் இதை அதன் வயிற்றோடு வைத்து அழுத்துங்கள். மல்லுக்கட்டு முழுவதும் அதனோடுதான் என்று பழகிவிடும். காகித உருண்டை, பிங்பாங் பந்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி போன்றவை தனியாக விளையாட. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிவிடாமல் மூன்றை மட்டும் வெளியே வைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றினால் பழைய பொம்மையும் புதிதாகத் தெரியும்.

விளையாட்டு முடிந்ததும் கயிறு உள்ள எதுவும் அலமாரிக்குள் போக வேண்டும். பூனையின் நாக்கில் உள்நோக்கிய முட்கள் உண்டு. வாய்க்குள் போன நூலைத் துப்ப வராது, விழுங்கத்தான் வரும். தையல் மெஷின் அடியில் கிடக்கும் நூல், ஊசி, தலைமுடி ரப்பர், பார்சல் கட்டிய சணல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தலையிலிருந்து கழற்றிப் போட்ட மல்லிகைச் சரம். குடலில் நூல் ஒரு முனையில் சிக்கினால் குடல் சுருங்கிச் சுருங்கி அந்த நூலாலேயே அறுபடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் நுனி தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம். அப்படியே தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

கணுக்கால், முந்தானை, கொலுசு

நம் வீட்டு உடைகள் குட்டிக்கு ஓயாத அழைப்பு. தரையைத் தொட்டு ஆடும் புடவை ஓரம், நைட்டி, துப்பட்டா, லுங்கி. போதாக்குறைக்குச் சத்தம் போடும் கொலுசு. குட்டி எங்கே பதுங்கி நின்று பாய்கிறது என்று இரண்டு நாள் கவனியுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு இடம்தான்: கட்டிலுக்கு அடி, சமையலறைக் கதவோரம். அந்த இடத்தைக் கடப்பதற்கு முன் ஒரு பந்தை எதிர்த்திசையில் உருட்டிவிட்டுக் கடந்து போங்கள். மாட்டிக்கொண்டால் ஓடாமல் மரம் போல நின்றுவிடுங்கள். புடவையில் நகம் சிக்கியிருந்தால் துணியை இழுக்காமல் குட்டியின் பாதத்தை முன்னோக்கித் தள்ளினால் நகம் தானாகக் கழன்றுகொள்ளும்.

சின்னப் பிள்ளைகள் ஓடுவார்கள், கத்துவார்கள், கையை உதறுவார்கள். குட்டிக்கு அதைவிட நல்ல இரை கிடைக்காது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையையும் குட்டியையும் ஒரு அறையில் தனியே விட வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கு ஒரே விதி போதும்: கையால் தடவலாம், பொம்மையால்தான் விளையாட வேண்டும்.

அதிகாலை நாலரை மணிக்குக் கால் விரலைக் கடிக்கும் குட்டி தனிப் பிரச்சினை. கடித்ததும் எழுந்து போய்ச் சாப்பாடு போட்டால் அது உங்களை எழுப்பும் பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டது. இரவு கடைசி விளையாட்டும் அதன்பின் நல்ல சாப்பாடும் இதில் பாதியைத் தீர்க்கும். மிச்சத்துக்குக் காலைச் சுற்றிப் போர்வையை இறுக்கிச் செருகிக்கொண்டு அசையாமல் கிடங்கள். எழுந்த பிறகும் பல் தேய்த்து, பால் காய்ச்சி, அதற்குப் பின்பே தட்டை வையுங்கள். முடியவே இல்லையென்றால் தண்ணீர், மணல் தட்டு, படுக்கை, பொம்மை வைத்து வேறு அறையில் தூங்கவிடுவதில் தப்பில்லை.

தடவும்போது திரும்பிக் கடித்தால்

குட்டி முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் கடிக்கிறது. நாம் டிவி பார்த்துக்கொண்டே தடவுவதால் தெரிவதில்லை. வால் நுனி வெட்டி வெட்டி அசையும். முதுகுத் தோல் ஒரு முறை அலையோடும். காது பக்கவாட்டில் திரும்பும். குர்குர் சத்தம் நின்றுபோகும். தலை உங்கள் கையைப் பார்த்துத் திரும்பும். இதில் ஏதாவது ஒன்று தெரிந்ததும் கையை எடுங்கள்.

கன்னம், தாடைக்கு அடி, காதுக்கு முன்னால் உள்ள இடம் ஆகியவற்றில் தடவினால் பெரும்பாலான குட்டிகளுக்குப் பிடிக்கும். மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினால் தடவச் சொல்கிறது என்று பொருளில்லை. அங்கே கை போனால் நாலு காலும் பல்லும் ஒன்றாகப் பிடிக்கும். மூன்று முறை தடவி நிறுத்துங்கள். குட்டி தலையால் முட்டினால் இன்னும் மூன்று.

பாதத்தைத் தொடப் பழக்குவதும் இந்த வயதில்தான். தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது பாதத்தை இரண்டு நொடி பிடித்து, விட்டு, ஒரு துண்டு உணவு. சில நாள் இப்படிப் பழக்கிய பின் பாதத்தின் மெத்தென்ற பகுதியை அழுத்துங்கள், நகம் வெளியே வரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியை விட்டு, நுனியில் ஒரு மில்லிமீட்டர் அளவு மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டலாம். ஒரே நாளில் எல்லா நகத்தையும் முடிக்க நினைக்காதீர்கள்.

பல் விழும் மாதங்கள்

மூன்றரை மாதத்தில் முன்பல் விழத் தொடங்கும்; ஆறேழு மாதத்துக்குள் 26 பால் பல்லும் போய் 30 நிலைப் பற்கள் வந்துவிடும். இந்த நாட்களில் கடி மறுபடி கூடினால் பழக்கியது வீணாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். ஈறு சிவந்திருக்கும், பொம்மையில் ஒரு சொட்டு ரத்தம் இருக்கலாம், வாயில் லேசாக வாடை அடிக்கும். விழுந்த பல்லைக் குட்டி பெரும்பாலும் விழுங்கிவிடும், அதனால் ஒன்றும் ஆகாது. கைக்குட்டையை நனைத்து, முறுக்கி, ஃபிரீசரில் பதினைந்து நிமிடம் வைத்துக் கடிக்கக் கொடுங்கள். உணவைக் கொஞ்சம் ஊறவைத்துப் போடுங்கள். செல்போன் சார்ஜர் வயரை மேஜைக்குப் பின்னால் ஒதுக்குங்கள். மணி பிளான்ட் வாயைப் புண்ணாக்கும். லில்லிப் பூவும் செங்காந்தளும் உயிருக்கே ஆபத்து, அவை இருக்கும் வீட்டில் குட்டிக்கு எட்டாத உயரம் என்று ஒன்று கிடையாது.

குழந்தைகளின் ஈறுக்குத் தடவும் ஜெல், வலி மாத்திரை எதுவும் வேண்டாம். பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும். ஏழாவது மாதத்திலும் புதுக் கோரைப்பல்லுக்குப் பக்கத்திலேயே பழைய ஊசிப்பல் நின்றால் மருத்துவரிடம் காட்டி எடுத்துவிட வேண்டும்.

இன்னொரு குட்டி வாங்கலாமா?

இடமும் செலவுக்குப் பணமும் இருந்தால், கிட்டத்தட்ட அதே வயதில் இன்னொரு குட்டி. கடி அளவை மனிதனைவிட அது நன்றாகச் சொல்லிக் கொடுக்கும். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டைச் சேர்த்தே எடுத்து வருவது இன்னும் உத்தமம். ஆனால் கடியை நிறுத்துவதற்காக மட்டும் இரண்டாவதைக் கொண்டுவந்து, இரண்டோடும் விளையாடாமல் விட்டால் நாலு பாதத்துக்குப் பதில் எட்டு பாதம் உங்கள் கணுக்காலைத் துரத்தும். வயதான பூனை இருக்கும் வீட்டில் குட்டியை அதன் தலையில் கட்டுவது அந்தப் பூனைக்குச் செய்யும் அநியாயம்.

ஐந்தாறு மாதத்தில் செய்யும் கருத்தடை அறுவை சிகிச்சை ஊர் சுற்றுவது, மூத்திரம் அடிப்பது, பூனைகளுக்குள் சண்டை போன்றவற்றைக் குறைக்கும். விளையாட்டுக் கடி அதனால் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரே இடத்தில் தொட்டால் மட்டும் கடிக்கிறது, நேற்று வரை சாதுவாக இருந்த குட்டி இன்று சீறுகிறது, சாப்பாடு குறைந்துவிட்டது, நொண்டுகிறது என்றால் பழக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரைப் பாருங்கள்.

தோல் கிழிந்தால்

கடித்தது நம் வீட்டுக் குட்டிதானே என்று விடக்கூடாத ஒரு இடம் இது. பூனை மூலமும் வெறிநோய் வரும். தெருவிலிருந்து வந்த, தடுப்பூசி போடாத குட்டியின் பல்லோ நகமோ பட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் நினைப்பதைவிட நீளமானது. பிறகு போவிடோன் அயோடின் கிருமிநாசினி தடவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள், கட்டும் போடாதீர்கள்.

ரத்தம் வராத பிராண்டல் என்றாலும் தடுப்பூசி தேவை. தோலைத் துளைத்த கடி என்றால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (வெறிநோய்க் கிருமியைத் தடுக்கும் தயார்நிலை எதிர்ப்பொருள்) ஊசியும் தேவை. அது சிறிய நிலையங்களில் இல்லாமல் பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்பக்கூடும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நாலு தவணை. குட்டிக்கு ஏதாவது ஆகிறதா என்று பத்து நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். முதல் ஊசியை அன்றே போட்டுக்கொண்டு, குட்டியைப் பத்து நாள் கவனித்து, மீதியை என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேளுங்கள். முன்பே முழுத் தவணை போட்டவர் அதையும் சொல்ல வேண்டும், அவருக்கு ஊசிகள் குறையும். டெட்டனஸுக்குப் போடும் டிடி ஊசி பற்றியும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

பூனையின் பல் மெல்லியது, காயம் வெளியே சின்னப் புள்ளி, உள்ளே ஆழம். மேலே மூடிக்கொண்டு அடியில் சீழ் பிடிக்கும். பன்னிரண்டிலிருந்து இருபத்துநாலு மணி நேரத்துக்குள் வீங்கி, சிவந்து, சூடாகி, விரலை மடக்க முடியாமல் போனால் மறுநாள் வரை பொறுக்காதீர்கள். விரல் மூட்டிலும் மணிக்கட்டிலும் பட்ட கடிக்கு வீக்கம் வரும்வரை காத்திருக்கவே வேண்டாம். சர்க்கரை நோயாளிகளும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் சின்னக் கடிக்கே மருத்துவரிடம் போவது நல்லது.

குட்டிக்கு எட்டாவது வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி, மூன்று நாலு வாரம் கழித்து அடுத்தது; மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. ஊசி போட்ட தேதி எழுதிய அட்டையைப் போட்டோ எடுத்து வீட்டில் எல்லோருடைய போனிலும் வைத்திருங்கள். கடிபட்டுப் போகும்போது மருத்துவர் அதைக் கேட்பார்.